மலையேறும்போது மிஸ்ஸிங் அடிக்கும் பழைய கார்: பெட்ரோல் கோளாறா, பிளக் கோளாறா? கண்டுபிடிப்பது எப்படி?

வடக்கனந்தலில் ஸ்டார்ட் பண்ணும்போது வண்டி நன்றாகத்தான் இருக்கும். கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணைப் பக்கம் போய், வெள்ளிமலை ரோட்டில் ஏறத் தொடங்கியதும் கதை மாறும். இரண்டாவது கியரில் நாலு வளைவு ஏறியதும் வண்டி இழுக்காது. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் 'டக்... டக்...' என்று உதறும். அடுத்த வளைவில் ஆஃப் ஆகிவிடும். பானெட்டைத் திறந்துவைத்துவிட்டு, ஓரமாக நின்று கால் மணி நேரம் கழித்துச் சாவியைத் திருப்பினால், ஒன்றுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகும்.

பழைய மாருதி 800, ஆம்னி, அம்பாசிடர் வைத்திருப்பவர்களுக்கு இது பழகிய காட்சி. அதற்கப்புறம் நடப்பதும் பழகியதுதான். ஒரு மெக்கானிக், "கார்பரேட்டர் போச்சு சார்" என்பார். இன்னொருவர், "பெட்ரோல்ல எத்தனால் கலக்குறாங்கள்ல, அதான்" என்பார். மூன்றாமவர் காயிலை மாற்றச் சொல்வார். மூன்று பேரில் யாராவது ஒருவர் சொல்வது சரியாக இருக்கலாம். யார் என்று தெரியாமல் மூன்றையும் மாற்றினால் பணம் போகும், மிஸ்ஸிங் போகாது.

கல்வராயன் மலை கிராமங்களுக்கு இது வெறும் பணப் பிரச்சினை இல்லை. ராத்திரி ஒருவருக்கு உடம்பு முடியாமல் போனால், கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு இறங்கி வர வேண்டியது இதே ரோட்டில்தான். கையில் இருப்பது 25 வருஷம் பழைய கார் என்றால், அது எங்கே நிற்கும், ஏன் நிற்கும் என்று தெரிந்திருப்பது அவசியம்.

முதல் கேள்வி: எப்போது திக்குகிறது?

பழைய கார் கோளாறில் முக்கால்வாசி பதில் இந்தக் கேள்விக்குள் இருக்கிறது. ஸ்பேனரைத் தொடுவதற்கு முன்னால் இரண்டு நாள் வண்டியைக் கவனித்து ஓட்டினாலே போதும். ஐடிலிங்கில் உதறி, ரேஸ் பண்ணினால் சரியாகிவிடுகிறதா? பெரும்பாலும் ஸ்லோ ஜெட் அடைப்பு, இல்லையென்றால் எங்கோ காற்று திருட்டுத்தனமாக உள்ளே போகிறது. ஐடிலிங் அருமையாக இருந்து, மேட்டில் மிதித்தால் மட்டும் திக்குகிறதா? பெட்ரோல் போதவில்லை, அல்லது லோடு ஏறும்போது ஸ்பார்க் தாங்கவில்லை. காலையில் மட்டும் பிரச்சினையா? சோக், பிளக் பக்கம் பார்க்க வேண்டும். சூடானால் மட்டும் நிற்கிறதா? அது தனிக்கதை, கொஞ்சம் கீழே வருகிறது.

எல்லா வேகத்திலும், சூடோ குளிரோ, ஒரே தாளத்தில் உதறினால் ஒரு சிலிண்டரே வேலை செய்யவில்லை என்று அர்த்தம். இதற்குக் கார்பரேட்டரைக் கழற்றுவதில் பிரயோஜனம் இல்லை. கார்பரேட்டர் எல்லா சிலிண்டருக்கும் பொதுவானது. அது கெட்டால் பொதுவாக எல்லா சிலிண்டரும் சேர்ந்துதான் அழும்.

மூன்றில் எது செத்தது?

1983 டிசம்பரில் வந்து 2014 ஜனவரியில் உற்பத்தி நின்ற மாருதி 800-ல் இருப்பது 796 சிசி, மூன்று சிலிண்டர் எஞ்சின். அதில் ஒன்று வேலைநிறுத்தம் செய்தால் மூன்றில் ஒரு பங்கு சக்தி போய்விடும். நாலு சிலிண்டர் அம்பாசிடரில் லேசான உதறலாகத் தெரிவது, 800-ல் ஸ்டீயரிங்கே ஆடுகிற அளவுக்கு இருக்கும்.

எந்த சிலிண்டர் என்று பார்ப்பது சுலபம். பெட்ரோல் வாடையோ கசிவோ இல்லை என்று உறுதி செய்த பிறகு, எஞ்சினை நிறுத்திவிட்டு ஒரு பிளக் வயரைக் கழற்ற வேண்டும். அந்த வயர் முனையில் ஒரு உபரி பிளக்கைச் செருகி, அதன் உலோகப் பகுதி எஞ்சினைத் தொடும்படி வைத்துவிட்டு ஸ்டார்ட் செய்ய வேண்டும். உதறல் முன்பைவிட மோசமானால், அந்த சிலிண்டர் நன்றாக இருக்கிறது. எந்த வித்தியாசமும் இல்லையென்றால் செத்தது அதுதான். எஞ்சின் ஓடும்போது வெறுங்கையால் வயரைப் பிடுங்குவது பல ஷெட்டுகளில் நடக்கிறது. ஆயிரக்கணக்கான வோல்ட் ஷாக் அடிக்கும். தேவையே இல்லாத வீரம்.

அடுத்து, அந்த சிலிண்டரின் பிளக்கைப் பக்கத்து சிலிண்டருக்கு மாற்றிப் போட்டுப் பார்க்க வேண்டும். கோளாறும் கூடவே போனால் பிளக் போச்சு. போகவில்லையென்றால் வயரையும் அதேபோல மாற்றிப் பார்க்கலாம், நீளம் ஒத்துவந்தால். இரண்டும் நன்றாக இருந்து, அதே சிலிண்டர் மட்டும் முரண்டு பிடித்தால், கம்ப்ரஷன் டெஸ்ட் எடுக்க வேண்டிய நேரம். வால்வு சரியாக மூடாமல் இருக்கலாம். கேஸ் கிட் போட்டு ஓடிய ஆம்னிகளில் இதை முதலிலேயே சந்தேகிக்கலாம். டேப்பட் இடைவெளியை வருஷக்கணக்கில் பார்க்காமல் விட்டால் வால்வும் அதன் இருக்கையும் எரிந்துவிடும். இதில் பெட்ரோல் மீது எந்தத் தப்பும் இல்லை.

கழற்றிய பிளக்குகளை உடனே துடைத்துவிடக் கூடாது. வரிசையாக வைத்து நிறத்தைப் பார்க்க வேண்டும். பழுப்பாக இருந்தால் எரிதல் சரி. காய்ந்த கறுப்புக் கரி என்றால் பெட்ரோல் அதிகம், காற்று குறைவு. மெக்கானிக் மொழியில் 'ரிச்'. வெளுத்துப்போய் இருந்தால் பெட்ரோல் குறைவு, காற்று அதிகம், அது 'லீன்'. பெட்ரோலில் நனைந்திருந்தால் அங்கே ஸ்பார்க் வரவில்லை. எண்ணெய்ப் பசை இருந்தால் ரிங் அல்லது வால்வு சீல் தேய்ந்துவிட்டது. மூன்று பிளக்கும் ஒரே நிறம் என்றால் பிரச்சினை பொதுவான இடத்தில். ஒன்று மட்டும் வேறு நிறம் என்றால் அந்த சிலிண்டரோடு தேடலை நிறுத்திக்கொள்ளலாம்.

சோக்கைப் பாதி இழுத்து ஓட்டுபவரா?

"சோக்கைக் கொஞ்சம் இழுத்து வச்சா சூப்பரா போகுது சார்." கார்பரேட்டர் கார் வைத்திருப்பவர்கள் இதை ஒரு தந்திரம் போலச் சொல்வார்கள். உண்மையில் இது ஒரு நல்ல டெஸ்ட். சோக் காற்றைக் குறைத்து, கலவையில் பெட்ரோலை அதிகமாக்குகிறது. அதனால் வண்டி சரியாக ஓடுகிறது என்றால், சோக் இல்லாதபோது வண்டி லீனாக ஓடுகிறது என்று அர்த்தம். மாறாக, சோக்கை இழுத்ததும் இன்னும் மோசமாகத் திணறினால் ஏற்கெனவே ரிச். அப்போது அடைத்த ஏர் ஃபில்டர், கார்பரேட்டருக்குள் ஏறிப்போன ப்ளோட் லெவல், சரியாக மூடாத நீடில் வால்வு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

லீனுக்குக் காரணம் இரண்டு வழியில் வரும். ஒன்று, பெட்ரோல் வருவது குறைந்திருக்கும்: அடைத்த ஜெட், அழுக்கு ஃபில்டர், களைத்துப்போன பம்ப். இரண்டு, கார்பரேட்டரைத் தாண்டிய பிறகு கூடுதலாகக் காற்று நுழையும். கார்பரேட்டருக்குக் கீழே இருக்கும் கேஸ்கெட், மேனிஃபோல்டு பேக்கிங், வேக்யூம் ஹோஸ், பிரேக் பூஸ்டர் உள்ள மாடல்களில் அதற்குப் போகும் குழாய் என எங்கே விரிசல் விட்டாலும் இதுதான் நடக்கும். ஐடிலிங்கில் 'ஸ்ஸ்...' என்று சத்தம் கேட்கும். சந்தேகப்படும் இடத்தில் கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பார்த்தால், விரிசலில் தண்ணீர் உறிஞ்சப்படும்போது எஞ்சின் சத்தம் மாறும். சிலர் பெட்ரோலையோ கார்பரேட்டர் கிளீனரையோ அடித்துப் பார்ப்பார்கள். சூடான எஞ்சின் மேல் அது தீக்குச்சி விளையாட்டு.

பாதி மலையில் நின்றுவிட்டால்...

சூடானதும் நின்று, ஆறியதும் கிளம்பும் வண்டியில் மூன்று சந்தேக நபர்கள் உண்டு. மூவரும் ஒரே மாதிரி நடிப்பார்கள் என்பதுதான் சிக்கல்.

முதல் நபர் 'வேப்பர் லாக்'. நம்ம ஊர் ஷெட்டுகளில் ஏர் லாக் என்றே சொல்வார்கள். பழைய கார்பரேட்டர் கார்களில் பெட்ரோல் பம்ப் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். பின்னால் இருக்கும் டேங்கிலிருந்து பெட்ரோலை உறிஞ்சி இழுக்க வேண்டும். உறிஞ்சும் குழாயில் அழுத்தம் குறைவு. அழுத்தம் குறைந்தால் பெட்ரோல் சீக்கிரம் ஆவியாகும். மலையேற்றத்தில் வேகம் குறைவு, ரேடியேட்டர் வழியாக வரும் காற்றும் குறைவு, எஞ்சின் சூடு அதிகம். பம்ப் திரவத்துக்குப் பதில் ஆவியை இழுக்கத் தொடங்கும். ஆவியைப் பம்ப் செய்ய அதனால் முடியாது. அந்தக் காலத்து டிரைவர்கள் பம்ப் மேல் ஈரத்துணி போட்டது இதற்குத்தான். துணி போட்ட சில நிமிஷத்தில் வண்டி கிளம்பினால், நோயும் தெரிந்துவிட்டது.

இரண்டாம் நபர் இக்னிஷன் காயில், அல்லது பழைய பாயின்ட் செட் வண்டிகளில் கண்டன்சர். சூடானதும் உள்ளே இருக்கும் சுற்று விட்டுப்போகும், ஆறினால் மறுபடி ஒட்டிக்கொள்ளும். ஸ்பார்க் பலவீனமாகி, பிறகு இல்லாமலே போகும்.

மூன்றாம் நபரை யாரும் நினைப்பதில்லை: டேங்க் மூடி. பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்தை நிரப்பக் காற்று உள்ளே வர வேண்டும். அதற்கான சிறு துவாரம் அடைத்துவிட்டால் டேங்குக்குள் வெற்றிடம் உருவாகி, பம்ப் இழுத்தாலும் பெட்ரோல் வராது. வண்டி நின்றதும் மூடியைத் திறந்து பார்த்தால் போதும். காற்று 'உஸ்' என்று உள்ளே இழுக்கப்பட்டு, வண்டி உடனே கிளம்பினால் கேஸ் முடிந்தது. பழைய மூடி தொலைந்து, கடையில் கிடைத்த ஏதோ ஒரு மூடியைப் போட்ட வண்டிகளில் இது வர வாய்ப்பு அதிகம்.

மூவரையும் பிரித்தறிய ஒரே நிபந்தனை: வண்டி நின்ற அந்த நிமிஷத்திலேயே பார்க்க வேண்டும். ஆறிய பிறகு ஷெட்டுக்குக் கொண்டுபோனால் எல்லாரும் நல்லவர்கள் ஆகிவிடுவார்கள்.

பார்ப்பது இப்படி. டேங்க் மூடியைத் திறந்து மூடிய பிறகு, எஞ்சின் ஆஃபில் இருக்கும்போதே ஏர் ஃபில்டர் மூடியைக் கழற்றி, சற்றுத் தள்ளி நின்று கார்பரேட்டர் வாயைப் பார்க்க வேண்டும். கையால் ஆக்ஸிலரேட்டர் லிங்க்கை ஒருமுறை அசைத்தால், பெரும்பாலான கார்பரேட்டர்களில் ஒரு மெல்லிய பெட்ரோல் கம்பி பீய்ச்சி அடிக்கும். அடித்தால் கார்பரேட்டரில் பெட்ரோல் இருக்கிறது. சந்தேகத்தை ஸ்பார்க் பக்கம் திருப்பலாம். அடிக்கவில்லையென்றால் பெட்ரோல் வரவில்லை. வேப்பர் லாக், பம்ப், ஃபில்டர், டேங்க் மூடி என்று பின்னோக்கிப் போக வேண்டும். ஒரு நிமிஷ வேலை. இது தெரியாமல்தான் பல பேர் நல்ல கார்பரேட்டரைக் கழற்றிக் கழுவுகிறார்கள். (பீய்ச்சி அடிக்கும் டெஸ்ட்டையும் ஸ்பார்க் டெஸ்ட்டையும் ஒரே நேரத்தில் செய்யக் கூடாது. காரணம் சொல்லத் தேவையில்லை.)

எத்தனால் மீது எவ்வளவு பழி போடலாம்?

கச்சிராயபாளையத்தில் இருப்பது கள்ளக்குறிச்சி 2 கூட்டுறவு சர்க்கரை ஆலை. கரும்பு லாரிகள் வரிசையில் நிற்பதைப் பார்த்து வளர்ந்த ஊர் இது. சர்க்கரை எடுத்த பிறகு மிஞ்சும் மொலாசஸ், கரும்புச் சாறு, மக்காச்சோளம், அரிசி ஆகியவற்றிலிருந்துதான் நாட்டின் பெட்ரோலில் கலக்கும் எத்தனால் தயாராகிறது.

கலப்பு புதிதல்ல. 2003-ல் 5% கலப்புடன் திட்டம் தொடங்கியது. 2022 ஜூனில் நாடு 10%-ஐ எட்டியது. 20% கலந்த இ20 பெட்ரோல் விற்பனையை 2023 பிப்ரவரி 6 அன்று பெங்களூருவில் பிரதமர் தொடங்கிவைத்தார். முதலில் 2030-க்கு என்று வைத்திருந்த 20% இலக்கு முன்னுக்குக் கொண்டுவரப்பட்டு, 2025-ல் எட்டப்பட்டது. எத்தனால் கலக்காத பெட்ரோலும் பம்ப்பில் கிடைக்க வேண்டும் என்று கேட்ட பொதுநல மனுவை உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 1 அன்று தள்ளுபடி செய்தது.

இந்தக் கால வரிசையைக் காரின் வயதோடு ஒப்பிட்டால் பிரச்சினை புரியும். நிதி ஆயோக் 2021-ல் வெளியிட்ட திட்ட அறிக்கை, இ20-ஐத் தாங்கும் பொருட்களால் ஆன வாகனங்கள் 2023 ஏப்ரலிலிருந்தும், இ20-க்கென்றே டியூன் செய்த எஞ்சின்கள் 2025 ஏப்ரலிலிருந்தும் வர வேண்டும் என்றது. 1998 மாடல் 800 எந்தக் கணக்கிலும் வராது. எத்தனால் கலக்காத பெட்ரோலுக்கு வடிவமைத்து, 10%-க்கு டியூன் செய்த கார்களில் இ20 போட்டால் மைலேஜ் 6 முதல் 7% வரை குறையலாம் என்று அதே அறிக்கை சொல்கிறது. சமூக வலைதளங்களில் சர்ச்சை வெடித்தபோது, 2025 ஆகஸ்ட்டில் பெட்ரோலியத் துறை அமைச்சகம் விளக்கம் கொடுத்தது. பெரிய பாதிப்பு எதுவும் இல்லை. சில பழைய வாகனங்களில் ரப்பர் பாகங்களையும் கேஸ்கெட்டுகளையும் 20,000 முதல் 30,000 கி.மீ. ஓடிய பிறகு மாற்ற வேண்டியிருக்கலாம், செலவு அதிகமில்லை என்பது அதன் சாரம்.

"இ20 போட்டா எஞ்சினே காலி" என்பதும், "ஒண்ணுமே ஆகாது" என்பதும் இரண்டுமே கார்பரேட்டர் காருக்குப் பொருந்தாது. அங்கே எத்தனால் வேலை காட்டும் இடங்கள் குறிப்பானவை.

முதலாவது, லீன் கலவை. 1 கிலோ பெட்ரோல் முழுசாக எரிய சுமார் 14.7 கிலோ காற்று தேவை. எத்தனாலுக்குச் சுமார் 9 கிலோ போதும். 20% கலந்த பெட்ரோலுக்கு 13.5 கிலோவை ஒட்டி வரும். புதிய காரில் ஆக்ஸிஜன் சென்சார் இதைப் பார்த்து, பெட்ரோலைக் கூட்டிக் கொடுக்கும். கார்பரேட்டருக்கு மூளை கிடையாது. ஜெட்டின் ஓட்டை எவ்வளவோ அவ்வளவுதான் கொடுக்கும். விளைவு, சுத்தமான பெட்ரோலுக்கு டியூன் செய்த வண்டி கிட்டத்தட்ட 8% லீனாக ஓடும். நல்ல நிலையில் இருக்கும் எஞ்சின் இதைச் சமாளித்துவிடும். ஏற்கெனவே கேஸ்கெட்டில் சின்ன லீக், ஜெட்டில் கொஞ்சம் அழுக்கு என்று விளிம்பில் நிற்கும் எஞ்சினை இது கீழே தள்ளிவிடும். எத்தனாலைக் குற்றவாளி என்பதைவிட, கடைசியாகத் தள்ளிவிட்ட கை என்பதே பொருத்தம்.

இதில் மலைக்காரர்களுக்கு ஒரு வேடிக்கை உண்டு. சுமார் 3,000 அடி உயரத்தில் காற்றின் அடர்த்தி தரைமட்டத்தைவிட 8% போலக் குறைவு. கார்பரேட்டர் கலவை அதில் பாதி அளவுக்கு, அதாவது ஏறக்குறைய 4% ரிச் ஆகும். எத்தனால் செய்த லீனை உயரம் ஓரளவு ஈடுகட்டிவிடும். "மேல வெள்ளிமலைல நல்லா ஓடுது, கீழ வந்தாதான் திக்குது" என்று யாராவது சொன்னால் சிரிக்க வேண்டாம். அவர் வண்டி லீனாக ஓடுகிறது என்பதற்கு அது ஒரு துப்பு. (சக்தி குறைவது வேறு விஷயம். டர்போ இல்லாத எந்தக் காரும் மேலே போகப்போகக் கொஞ்சம் சோம்பலாகத்தான் இருக்கும்.)

இரண்டாவது, பழைய அழுக்கு. எத்தனால் நல்ல கரைப்பான். 20 வருஷமாக டேங்கின் அடியிலும் குழாயிலும் ஒட்டிக்கிடந்த பிசின், துரு எல்லாவற்றையும் இளக்கிவிடும். அது நேராக ஃபில்டருக்கு வரும், தப்பினால் ஜெட்டுக்கு வரும். ஃபில்டர் மாற்றிய ஒரே மாதத்தில் மறுபடி அடைத்தால் ஃபில்டரைத் திட்டிப் பயனில்லை. டேங்கை இறக்கிச் சுத்தம் செய்ய வேண்டும்.

மூன்றாவது, தண்ணீர். எத்தனால் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். ஓரளவு வரை பெட்ரோலோடு கலந்தே எரிந்துவிடும், யாருக்கும் தெரியாது. அளவு தாண்டினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து தனியாகப் பிரிந்து டேங்கின் அடியில் தங்கும். பம்ப் இழுப்பதும் அடியிலிருந்துதான். தினமும் ஓடி, வாரம் ஒருமுறை பெட்ரோல் போடும் வண்டிக்கு இந்தப் பயம் குறைவு. ஐப்பசி, கார்த்திகை மழையில் கால் டேங்க் பெட்ரோலுடன் கொட்டகையில் நின்று, பொங்கலுக்கு எடுக்கும் வண்டிக்குத்தான் ஆபத்து.

இதைச் சோதிக்கக் கண்ணாடி பாட்டில் போதும். வீட்டுக்கு வெளியே, நெருப்பு எதுவும் இல்லாத இடத்தில், டேங்கின் அடியிலிருந்தோ கார்பரேட்டர் கிண்ணத்திலிருந்தோ கொஞ்சம் பெட்ரோல் பிடித்து அரை மணி நேரம் அசையாமல் வைக்க வேண்டும். அடியில் தனி அடுக்கு தெரிந்தால் பதில் கிடைத்துவிட்டது. எத்தனால் எவ்வளவு என்று தெரிய வேண்டுமானால், அளவு குறித்த கண்ணாடிக் குழாயில் 20 மி.லி. தண்ணீரும் 80 மி.லி. பெட்ரோலும் ஊற்றிக் குலுக்கி வைக்கலாம். எத்தனால் தண்ணீரோடு போய்ச் சேரும். 20% கலப்பு என்றால் கீழ் அடுக்கு 36 மி.லி. அருகில் வரும். அதைவிட ரொம்பவே ஏறி நின்றால் பெட்ரோல் போட்ட இடத்தைக் கேள்வி கேட்கலாம். பெட்ரோல் பங்க்கில் ஃபில்டர் பேப்பர் டெஸ்ட்டும் அடர்த்தி டெஸ்ட்டும் கேட்டால் செய்து காட்ட வேண்டும். அது வாடிக்கையாளரின் உரிமை.

எம்பிஎஃப்ஐ கார் என்றால்?

2000-ஐ ஒட்டி வந்த கார்களில் கார்பரேட்டர் போய் இன்ஜெக்டர் வந்துவிட்டது. பம்ப் டேங்குக்குள்ளேயே இருந்து சுமார் 3 பார் அழுத்தத்தில் பெட்ரோலைத் தள்ளுவதால் வேப்பர் லாக் தொல்லை மிகக் குறைவு. சாவியை ஆன் செய்ததும் பின் சீட் பக்கம் இரண்டு மூன்று நொடி 'ங்ங்ங்' என்று பம்ப் சத்தம் கேட்க வேண்டும். கேட்கவில்லையென்றால் பம்ப்புக்கு முன்னால் ஃபியூஸ், ரிலேயைப் பார்ப்பது நல்லது. சத்தம் வந்தும் மேட்டில் திக்கினால் பிரஷர் கேஜ் போட்டு அழுத்தம் அளக்க வேண்டும். காதால் கேட்டுப் பம்ப் நல்லது என்று சொல்லிவிட முடியாது.

2013 ஏப்ரலுக்குப் பிறகு வந்த கார்களில் ஓபிடி 2 கட்டாயம் என்பதால், புளூடூத் ஸ்கேனரும் மொபைல் ஆப்பும் இருந்தாலே எஞ்சின் என்ன சொல்கிறது என்று படிக்கலாம். அதற்கு முந்தைய எம்பிஎஃப்ஐ கார்களில் பலவற்றுக்குக் கம்பெனி ஸ்கேனரே தேவைப்படும். ஒன்று மட்டும் ஞாபகம் வைக்க வேண்டும். ஸ்கேனர் காட்டும் கோட் ஒரு புகார்தான், தீர்ப்பு அல்ல. "லீன்" என்று ஆக்ஸிஜன் சென்சார் சொன்னால், பல இடங்களில் சென்சாரையே மாற்றிவிடுகிறார்கள். உண்மையைச் சொன்னவனுக்குத்தான் தண்டனை. கிழிந்த ஹோஸ் அப்படியே இருக்கும்.

சூடானதும் நின்று, ஆறினால் கிளம்பும் எம்பிஎஃப்ஐ காரில் கிராங்க் சென்சாரை, அல்லது சில மாடல்களில் கேம் சென்சாரை முதலில் சந்தேகிக்கலாம். கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் உள்ள வண்டியில், பிளக் வயரைக் கழற்றிவிட்டு ரொம்ப நேரம் ஓட விடக் கூடாது. எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதைக் கெடுத்துவிடும்.

டேஷ்போர்டில் கிடக்கும் சீட்டு

எல்லாரிடமும் ஒரு டெஸ்ட் ரிப்போர்ட் ஏற்கெனவே இருக்கிறது. யாரும் படிப்பதில்லை. புகைச் சான்றிதழ். அதில் கார்பன் மோனாக்சைடு சதவீதத்திலும், ஹைட்ரோகார்பன் பிபிஎம் அளவிலும் அச்சிட்டிருக்கும். பாரத் ஸ்டேஜ் 2-க்கு முந்தைய நாலு சக்கர பெட்ரோல் வண்டிக்கு வரம்பு 3 சதவீதமும் 1,500 பிபிஎம்மும். பாஸா, ஃபெயிலா என்பதோடு நிறுத்தாமல் இரண்டு எண்ணையும் சேர்த்துப் படிக்க வேண்டும். மோனாக்சைடு அதிகம் என்றால் வண்டி ரிச். மோனாக்சைடு குறைவாக இருந்து ஹைட்ரோகார்பன் மட்டும் எகிறினால், பெட்ரோல் எரியாமலே வெளியே போகிறது. ஸ்பார்க் கோளாறு, வால்வு கோளாறு, அல்லது பற்றிக்கொள்ள முடியாத அளவுக்கு லீன். போன முறை சீட்டும் இந்த முறை சீட்டும் கையில் இருந்தால், எந்தப் பக்கம் நகர்கிறது என்பதும் தெரியும். மெஷினில் வண்டியை உண்மையாகவே மாட்டிச் சோதித்திருந்தால் மட்டும்தான் இந்தக் கணக்கு செல்லும்.

இன்றைக்கே பார்க்க வேண்டிய ஒன்று

மிஸ்ஸிங்கை அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம். பெட்ரோல் ஹோஸை அப்படி விட முடியாது. பழைய கார்களின் ரப்பர் குழாய்களும் பம்ப்புக்குள் இருக்கும் டயாஃப்ரமும் எத்தனாலை மனதில் வைத்துச் செய்தவை அல்ல. வயதாகிக் காய்ந்த ரப்பர் ஊதும், மெத்தென்று ஆகும், அல்லது வெடிப்பு விடும். குழாய் உள்பக்கமாக உரிந்தால் அந்தத் துணுக்கு கார்பரேட்டரை அடைத்து மிஸ்ஸிங் தரும். வெளிப்பக்கமாக வெடித்தால் சூடான எஞ்சின் மேல் பெட்ரோல் சொட்டும். பக்கத்திலேயே டிஸ்ட்ரிபியூட்டரும் பிளக் வயர்களும் இருக்கின்றன.

எஞ்சின் ஆறிய பிறகு, டேங்கிலிருந்து கார்பரேட்டர் வரை ஒவ்வொரு ரப்பர் துண்டையும் வளைத்துப் பார்க்க வேண்டும். வளைவில் மயிரிழை வெடிப்பு தெரிந்தாலோ, அமுக்கினால் பழைய பஞ்சு போல அமுங்கினாலோ மாற்றிவிட வேண்டும். கடையில் "பெட்ரோல் ஹோஸ்" என்று மட்டும் கேட்டால் போதாது. எத்தனால் தாங்கும் குழாயா என்று கேட்டு, குழாய் மேல் அச்சிட்டிருக்கும் தர எண்ணைப் பார்த்து வாங்க வேண்டும். மீட்டர் கணக்கில் கிடைக்கும் சாதாரண தண்ணீர்க் குழாயோ, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் டியூபோ கூடாது. கிளிப்புகளையும் புதிதாகப் போடலாம். பம்ப்பின் கீழ்த் துவாரம் ஈரமாக இருந்தாலோ, டிப்ஸ்டிக்கில் எடுத்த ஆயிலில் பெட்ரோல் வாடை அடித்தாலோ டயாஃப்ரம் கிழிந்திருக்கிறது. ஆயிலையும் சேர்த்து மாற்றாமல் வண்டியை எடுக்கக் கூடாது.

பானெட்டுக்குள் எல்லாம் சரியாக இருந்தும், டேங்க் நிரப்பிய நாளில் மட்டும் காருக்குள் பெட்ரோல் வாடை வருகிறதா? பெட்ரோல் ஊற்றும் வாயையும் டேங்கையும் இணைக்கும் தடித்த ரப்பர் குழாய் பின் சக்கரத்துக்கு அருகில் இருக்கிறது. பெரும்பாலான வண்டிகளில் கம்பெனியிலிருந்து வந்த நாளிலிருந்து யாரும் அதைத் தொட்டிருக்க மாட்டார்கள்.